டோங்குவானுக்கு ஆபீஸ் வேலையாகப் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கப்பூரில் ஒரு சின்ன இயந்திர நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பாஸ்போர்ட் இந்தியாவுடையது. நாங்கள் வாங்கும் இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றும் முன் யாராவது நேரில் போய் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த ‘யாராவது’ கடந்த மூன்று முறையும் நான்தான். போன இடம் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் இருக்கும் டோங்குவான்.

முதல் தடவை போனபோது எனக்குத் தெரிந்தது ‘நீ ஹாவ்’, ‘ஷியே ஷியே’ என்ற இரண்டு வார்த்தைகள்தான். இறங்கிய ஒரு மணி நேரத்துக்குள் டாக்சி ஓட்டுநர் என்னிடம் ஏதோ கேட்டார், நான் சிரித்தேன். மறுபடி கேட்டார், ஹோட்டல் பெயரைச் சொன்னேன். மூன்றாம் முறை குரலை உயர்த்திக் கேட்டவர், வண்டியை நகர்த்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டது என்ன என்பதை ஐந்தாவது படியில் சொல்கிறேன். பெருஞ்சுவர், டிராகன் எல்லாம் இந்தக் கட்டுரையில் கிடையாது. எது எப்போது தேவைப்படும், எங்கே மாட்டிக்கொள்வீர்கள், என்ன செலவாகும், அவ்வளவுதான்.

1. விசா: பெயரும் முத்திரையும்

வியாபார வேலைக்கு எம் வகை விசா. அங்கேயே சம்பளத்துக்கு வேலை செய்யப் போகிறவர்களுக்கான இசட் வகையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தேவையானவை: ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியும் வெற்றுப் பக்கங்களும் உள்ள பாஸ்போர்ட், இணையத்தில் நிரப்பி அச்செடுத்த விண்ணப்பம், ஒரு புகைப்படம், அழைப்புக் கடிதம். நீங்கள் வேறு நாட்டில் வேலை பார்ப்பவர் என்றால் அந்த நாட்டு வேலை அனுமதி அட்டையின் நகலும் வேண்டும். என்னிடம் ஆபீஸ் கடிதம் ஒன்றும் இருந்தது, அதையும் சேர்த்தே வைத்தேன்.

முதல் கண்ணி புகைப்படம். சீன விசாவுக்கு 33 க்கு 48 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. நாம் வழக்கமாக எடுத்து வைத்திருக்கும் 35 க்கு 45 படத்தை நீட்டினால் திரும்பி வரும். ஸ்டுடியோவில் “சீனா விசாவுக்கு” என்று சொல்லியே எடுங்கள்.

இரண்டாவது கண்ணி அழைப்புக் கடிதம். அனுப்புகிற சீன நிறுவனம் உங்கள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், வந்து போகும் தேதிகள், போகும் ஊர்கள், எதற்காக வருகிறீர்கள், செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நிறுவனத்தின் வட்டமான சிவப்பு முத்திரையைக் குத்த வேண்டும். முத்திரை இல்லாத கடிதம் வெறும் காகிதம். இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு வம்பு இருக்கிறது. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, ஆபீஸ் மின்னஞ்சலில் இனிஷியல் மட்டும். சப்ளையர் மின்னஞ்சலைப் பார்த்துக் கடிதம் அடித்துவிட்டார்கள். கவுன்டரில் அதைத் திருப்பிக் கொடுத்தபோது தப்பு முழுக்க என்னுடையது, அனுப்பும் முன் நான் பார்த்திருக்க வேண்டும். மறுபடி கடிதம் வாங்கி வருவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்குமே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கடிதம், விமான டிக்கெட், ரயில் டிக்கெட், பணச் செயலி எல்லாவற்றிலும் இருக்கட்டும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து சப்ளையருக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

சாதாரண முறையில் விசா கைக்கு வர எண்ணி நான்கு வேலை நாள். அவசரக் கட்டணம் கட்டினால் ஒரு நாள் முன்னால் கிடைக்கும். ஆனால் கடிதம் வந்து சேர எடுக்கும் நாளை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மொத்தத்தில் மூன்று வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கண்ணி ஹாங்காங். டோங்குவானை ஒட்டியிருக்கும் ஷென்ஜென் நகரத்துக்குப் பக்கத்தில்தானே, ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றும். ஹாங்காங்குக்குள் நுழைந்தால் சீனாவை விட்டு வெளியே போனதாகத்தான் கணக்கு. ஒற்றை நுழைவு விசா அத்தோடு முடிந்தது, திரும்பி வர முடியாது. அந்தப் பக்கம் போகிற எண்ணம் துளி இருந்தாலும் இரட்டை நுழைவோ பல நுழைவோ கேட்டு வாங்குங்கள். கூடவே, இந்திய பாஸ்போர்ட்காரர்கள் ஹாங்காங்குக்கு இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். அது இலவசம்.

2. தேதியும் ஹோட்டலும்

அக்டோபர் முதல் வாரம் தேசிய தின விடுமுறை, தொழிற்சாலையில் ஈ காக்கை இருக்காது. சந்திரப் புத்தாண்டுச் சமயத்தில் அதைவிட மோசம், தொழிலாளர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், வேலை பழைய வேகத்துக்கு வரப் பல வாரங்கள் ஆகும். ஏப்ரல் 15 வாக்கிலும் அக்டோபர் 15 வாக்கிலும் மாகாணத் தலைநகரான குவாங்சோவில் கேண்டன் வணிகச் சந்தை தொடங்கும். அந்த நாள்களில் அந்த ஊர் ஹோட்டல் வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும்.

அடுத்தது நான் செய்த முட்டாள்தனம். டோங்குவான் என்பது ஒரே ஊர் என்று நினைத்து நடுநகரத்தில் ஹோட்டல் போட்டேன். அது பல பட்டணங்கள் சேர்ந்த பெரிய பரப்பு: சாங்ஆன், ஹூமென், ஹௌஜியே என்று ஒவ்வொன்றும் தனி ஊர் மாதிரி. என் தொழிற்சாலை இருந்தது ஷென்ஜென் எல்லையை ஒட்டிய சாங்ஆனில். தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அதற்கு மேல், வண்டியிலேயே கழிந்தது. சப்ளையரிடம் எந்தப் பட்டணம் என்று கேட்டு, அங்கேயே அறை எடுங்கள். ஷென்ஜென் விமான நிலையத்திலிருந்து சாங்ஆனுக்கு இன்னும் பக்கம்.

அறை போடும் முன் வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று சப்ளையரை விட்டு ஹோட்டலுக்கு ஒரு ஃபோன் அடிக்கச் சொல்லுங்கள். மறுக்கக் கூடாது என்று 2024-இலேயே அரசு சொல்லிவிட்டது. இருந்தாலும் சின்ன ஹோட்டல்களில் பாஸ்போர்ட்டைப் பதிவு செய்யத் தெரியாமல் கையைப் பிசைவார்கள். போலீஸ் பதிவை ஹோட்டலே செய்துவிடும். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்களே காவல் நிலையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும்.

3. ஃபோன்: எல்லாவற்றையும் வீட்டிலேயே முடியுங்கள்

கூகுள், ஜிமெயில், வாட்ஸ்அப், யூடியூப், ஃபேஸ்புக் எதுவும் அங்கே திறக்காது. ஹோட்டல் வைஃபையில் திறக்காது, அங்கே வாங்கும் சிம்மிலும் திறக்காது. ஆனால் உங்கள் சொந்த நாட்டு சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் திறக்கும், ஏனென்றால் அந்த இணைப்பு உங்கள் நாட்டு வலையமைப்பு வழியாகத்தான் போய் வருகிறது. பயணிகளுக்கான இ-சிம்களில் பலவும் அப்படித்தான். ஒரு வார வேலைக்கு ரோமிங் பொதி போதும். தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் வித்தையெல்லாம் ஆபீஸ் வேலையாகப் போகிறவருக்கு வேண்டாத வம்பு.

ரோமிங்கை நம்பி எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலைக்குள் சிக்னல் கிடைக்காத மூலையில்தான் உங்கள் இயந்திரம் நிற்கும். வரைபடம், சோதனைப் பட்டியல், ஆர்டர் நகல் எல்லாவற்றையும் மடிக்கணினியில் இறக்கி வையுங்கள்.

போகும் முன் ஃபோனில் இருக்க வேண்டியவை:

- அலிபே, அதாவது பணம் கட்டும் செயலி. இதைப் பற்றி அடுத்த படியில்.
- வீசாட். சப்ளையர் மின்னஞ்சலுக்குப் பதில் போட மாட்டார், வீசாட்டில் அரை நிமிடத்தில் போடுவார். புதுக் கணக்கு திறக்கும்போது ஏற்கெனவே பயன்படுத்துகிற ஒருவர் கியூஆர் ஸ்கேன் செய்து உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டி வரலாம், அதனால் முந்தின நாள் ராத்திரி ஆரம்பிக்காதீர்கள். இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்கள் கவனிக்க: 2020-இல் இந்தியா தடை செய்த செயலிகளில் வீசாட்டும் உண்டு. உங்கள் சப்ளையரோடு வேறு எந்த வழியில் பேசுவது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.
- மொழிபெயர்ப்புச் செயலி, சீன மொழியை இணையமில்லாமல் இயங்கும்படி இறக்கி வைத்தது. கேமராவைக் காட்டினால் எழுத்தை மாற்றித் தருகிற வசதி இருக்க வேண்டும்.
- வரைபடத்துக்கு ஆமாப். கூகுள் வரைபடம் ரோமிங்கில் திறந்தாலும் சீனாவுக்குள் குறி சில நூறு மீட்டர் தள்ளி விழும். நான் அதை நம்பி ஒரு வாய்க்காலின் தப்பான கரையில் போய் நின்றேன்.

ஹோட்டல் முகவரி, தொழிற்சாலை முகவரி இரண்டையும் சீன எழுத்தில் வாங்கிப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளிலும் அச்செடுத்து சட்டைப் பையில் வையுங்கள். அங்கே ஃபோனில் சார்ஜ் தீர்ந்தால் உங்களிடம் காசு இல்லை, முகவரி இல்லை, வாய் இல்லை.

4. பணம்

தெருவோர இளநீர்க் கடையிலும் கியூஆர்தான். அலிபேயில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்து, பாஸ்போர்ட்டைக் காட்டி சரிபார்ப்பை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். இந்திய அட்டைகளில் அது பெரும்பாலும் மூடியே இருக்கும். ஓடிபி வருகிற எண்ணில் ரோமிங் இல்லையென்றால் எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காது.

ஒரு தடவை 200 யுவானுக்குள் கட்டினால் அலிபே கூடுதல் கட்டணம் எடுப்பதில்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம். உங்கள் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. வெளிநாட்டு அட்டையை வைத்துக்கொண்டு தனி ஆளுக்குப் பணம் அனுப்ப முடியாது. நாலு பேர் சாப்பிட்டுவிட்டு ஒருவர் மொத்தமாகக் கட்டினால், உங்கள் பங்கை அவருக்கு அலிபேயில் தள்ள முடியாது. சில சின்னக் கடைகள் வைத்திருப்பதும் கடைக்காரரின் சொந்தக் கியூஆர்தான், அங்கேயும் சில சமயம் மக்கர் செய்யும். ஆகையால் ஒரு 500 யுவான் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பத்தும் இருபதுமாக. மிகப் பெரிய நோட்டே 100 தான். அதை நீட்டினால் சில்லறைக்குக் கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்.

ஒரு யுவானுக்கு 12, 13 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும். பேச்சில் யுவான் என்று சொல்ல மாட்டார்கள், ‘குவாய்’ என்பார்கள். மெட்ரோ 2 யுவானிலிருந்து தொடங்கும். குவாங்சோ தெற்கு நிலையத்திலிருந்து ஷென்ஜென் வடக்கு வரை அதிவேக ரயிலில் அரை மணி நேரம் சொச்சம், இரண்டாம் வகுப்பு 75 யுவான் சுமாருக்கு. ரயிலுக்கு பாஸ்போர்ட்தான் டிக்கெட். உள்ளூர்க்காரர்கள் அட்டையைத் தட்டிக்கொண்டு போகும் தானியங்கி வாசலில் நிற்காமல் ஆள் இருக்கும் வாசலுக்குப் போங்கள். டிப்ஸ் எங்கேயும் வேண்டாம், கொடுத்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பித் தருவார்கள்.

5. இறங்கிய முதல் இரண்டு மணி நேரம்

வருகை அட்டையை 2025 நவம்பர் 20 முதல் இணையத்திலேயே நிரப்பலாம். விமானம் ஏறும் முன் நிரப்பி வைத்துக்கொண்டால் குடிநுழைவு வரிசையில் பேனா தேட வேண்டாம்.

வெளியே வந்ததும் அலிபேக்குள்ளேயே இருக்கும் திதி வழியாக டாக்சி கூப்பிடுங்கள். வண்டி வந்ததும் எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். ஏறியதும் ஓட்டுநர் “வெய் ஹாவ்?” என்று கேட்பார். அதுதான் என்னை அன்றைக்குக் கதிகலங்க வைத்த கேள்வி. உங்கள் ஃபோன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்ன என்கிறார். ஏறியவர் சரியான ஆள்தானா என்று உறுதி செய்துகொள்ள அந்த எண்ணைத் தன் திரையில் அழுத்தினால்தான் அவருக்கு வண்டியை எடுக்க முடியும். நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்க, அவர் கடைசியில் தன் ஃபோனில் நான்கு காலிக் கட்டங்களைக் காட்டி, என் ஃபோனைச் சுட்டி, நான்கு விரலை நீட்டினார். அதன் பிறகு எங்கே போனாலும் அந்த நான்கு எண்ணைக் கதவைத் திறக்கும்போதே ஃபோன் திரையில் காட்டிவிடுகிறேன்.

வண்டியெல்லாம் சாலையின் வலப்பக்கம் போகும். கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். நம் கழுத்துக்கு அது பழக இரண்டு நாள் ஆகும். உங்களுக்குப் பச்சை விழுந்திருந்தாலும் வலப்பக்கம் திரும்பும் வண்டிகள் வந்துகொண்டுதான் இருக்கும். மின்சார ஸ்கூட்டர்களுக்குச் சத்தமே கிடையாது, நடைபாதையிலும் ஏறி வரும், எதிர்த் திசையிலும் வரும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். அவசரத்துக்குப் போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120, தீயணைப்பு 119.

6. பெட்டியில் என்ன வைப்பது

- சுவரில் தட்டை முள் துளைகள்தான், மூன்று முள் சாய்வாக இருக்கும். இந்திய, சிங்கப்பூர் மூன்று முள் பிளக் எதுவும் போகாது. அடாப்டர் இரண்டு எடுங்கள், மின்னழுத்தம் 220, கிட்டத்தட்ட நம்முடையது மாதிரியே.
- பவர் பேங்க்: 2025 ஜூன் 28 முதல் சீன உள்நாட்டு விமானங்களில் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏறாது. நடுவில் வேறு ஊருக்கு விமானத்தில் போகிறீர்கள் என்றால் உங்கள் பவர் பேங்கைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைதோறும் வாடகைக்கு ஒன்று செருகி வைத்திருப்பார்கள், மணிக்குச் சில யுவான், எடுத்த இடத்தில் இல்லாமல் வேறு கடையிலும் திருப்பிச் செருகலாம்.
- டிஷ்யூ காகிதம், கூடவே ஒரு காலித் தண்ணீர் பாட்டில். காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தொழிற்சாலையிலும் பொது இடங்களிலும் கழிப்பறை பெரும்பாலும் குந்தி உட்காரும் வகை, அதில் நமக்குக் கஷ்டமில்லை. ஆனால் குழாய் கிடையாது, பல இடங்களில் காகிதமும் கிடையாது. பாட்டிலை வெளியே கைகழுவும் இடத்தில் நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், ஊர் முழுக்க எல்லார் கையிலும் ஒரு பாட்டில் இருக்கும்.
- புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, உடனடி உப்புமா. ஹோட்டல் அறையில் கெட்டில் இருக்கும். பழம், காய்கறி, இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுபோகக் கூடாது.

7. தொழிற்சாலைக்குள்

எட்டு மணிக்கு வேலை என்றால் எட்டு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்றால் பதினொன்று ஐம்பத்தைந்துக்கே கை கழுவிக்கொண்டிருப்பார்கள். சோதனை ஓட்டம் நடுவில் இருக்கிறதே என்று நீங்கள் இழுத்தால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள், ஆனால் எல்லார் முகமும் வாடிவிடும். பதினொன்றரைக்கே ஒரு நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்து அலுவலக மாடிக்குத் திரும்பியபோது விளக்கெல்லாம் அணைந்திருந்தது. மின்வெட்டு என்று நினைத்துக்கொண்டு, சிங்கப்பூர் மேலாளரை ஸ்பீக்கரில் போட்டு, “பம்பு அழுத்தம் சரியா வரலை சார்” என்று உரக்கப் பேசிக்கொண்டே உள்ளே போனேன். என் காலடியில் ஒரு மடக்குக் கட்டில். அதில் கணக்குப் பிரிவுப் பெண்மணி, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, கழுத்து வரை போர்வை. இருட்டுக்குக் கண் பழகியதும் பார்க்கிறேன், மேசைக்கு மேசை இதே கதை, முப்பது பேர் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை வரை அது தூக்க நேரம். ஃபோன் பேச வேண்டுமென்றால் படிக்கட்டுக்குப் போங்கள், இல்லையென்றால் நீங்களும் நாற்காலியைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பயணத்திலிருந்து நான் அதைத்தான் செய்கிறேன்.

அடுத்து நம் தலையாட்டல். ஒருவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு நாம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவோம் இல்லையா? அவர்களுக்கு அது ‘இல்லை’ மாதிரி தெரிகிறது. சப்ளையரின் பொறியாளர் ஒரு சென்சாரை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். நிறுத்தி, முதலிலிருந்து விளக்கினார். இன்னும் உற்சாகமாக ஆட்டினேன். மூன்றாம் முறை அவர் நெற்றியில் வியர்வை. மொழிபெயர்ப்பாளர் என்னிடம் மெதுவாக, “எந்த இடத்தில் உங்களுக்கு உடன்பாடில்லை?” என்று கேட்டார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டிருந்தது. மேலும் கீழுமாக ஒரு முறை ஆட்டுங்கள், வாயால் ‘ஓகே’ சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ‘மெய் வென்தீ’. பிரச்சினை இல்லை என்று அர்த்தம். வியாழனுக்குள் முடியுமா என்று கேட்டால் மெய் வென்தீ என்பார்கள். முடியாது என்று விருந்தாளி முகத்துக்கு நேரே சொல்வது அவர்களுக்குச் சங்கடம், அதனால் அந்தப் பதிலை நீங்கள் கேட்டது காதில் விழுந்தது என்ற அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வியாழனை நம்பி வெள்ளிக்கிழமை டிக்கெட்டைப் போட்டுவிட்டு, பிறகு காசு கட்டி மாற்றினேன். ‘முடியுமா’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். “அந்த வால்வு இப்போது எங்கே இருக்கிறது? யார் கொண்டுவருகிறார்? எத்தனை மணிக்கு?” என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும். சாயங்காலம் பேசி முடித்ததை வீசாட் குழுவில் படத்தோடு போட்டுவிடுங்கள். பேச்சில் நழுவுவது எழுத்தில் நழுவாது. திரும்பும் டிக்கெட்டுக்கும் சோதனை முடியும் நாளுக்கும் நடுவே இரண்டு நாள் விடுங்கள்.

யாரையும் அவர் கீழே வேலை பார்ப்பவர்கள் முன்னால் குறை சொல்லாதீர்கள். இது நம் ஊரிலும் உள்ளதுதான், அங்கே இன்னும் கொஞ்சம் அதிகம்.

8. சாப்பாடு

முதல் இரவு என்னை ஓர் உணவகத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பிளாஸ்டிக் உறை சுற்றிய கிண்ணம், கோப்பை, தட்டு. குச்சியால் உறையைக் குத்திக் கிழித்தார்கள். சூடான தேநீர் வந்தது. எல்லார் கோப்பையிலும் ஊற்றினார்கள், நான் மரியாதையாக எடுத்துக் குடித்தேன். மேசை அமைதியானது. பிறகு பார்த்தால் மற்றவர்கள் அந்தத் தேநீரில் கிண்ணத்தையும் குச்சியையும் அலசி நடுவிலிருந்த பெரிய பாத்திரத்தில் கொட்டினார்கள். குவாங்டோங் பக்கம் முதல் தேநீர் பாத்திரம் கழுவத்தான். குடிப்பது இரண்டாவது. யாராவது உங்களுக்கு ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையை மெல்லத் தட்டுங்கள், அதுதான் நன்றி. உறை சுற்றிய பாத்திரத்துக்கும் தேநீருக்கும் ஆளுக்குச் சில யுவான் பில்லில் வரும், ஏமாற்று இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். நான் கோழி, மீன் சாப்பிடுவேன். என்னோடு மூன்றாம் முறை வந்த சக ஊழியர் சுத்த சைவம், முட்டை மட்டும் பரவாயில்லை என்பவர். “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் பெரிய துண்டு இல்லாமல் வரும். கத்தரிக்காயில் கொத்திய பன்றிக்கறி இருக்கும், பீன்ஸ் வறுவலிலும் இருக்கும், காரமான மாபோ தோஃபு பார்க்கத் தோஃபுதான், அதிலும் இருக்கும். முட்டைச் சோற்றில் ஹாம் துணுக்கு. கீரை பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கும், சூப் எலும்பில் வெந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை, சுவைக்குச் சேர்ப்பதை இறைச்சிக் கணக்கில் வைப்பதில்லை.

செய்ய வேண்டியது: இறைச்சி, மீன், கொத்துக்கறி, எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாஸ் எதுவும் கூடாது, முட்டை ஆகும் அல்லது ஆகாது என்று சப்ளையர் ஆளிடம் சீனத்தில் எழுதி வாங்குங்கள். நம் உச்சரிப்பை நம்பாதீர்கள், அந்தப் படத்தை அப்படியே சமையல்காரரிடம் காட்டுங்கள். தக்காளி முட்டைப் பொரியல் எல்லா ஊரிலும் கிடைக்கும், அதோடு வெள்ளைச் சோறு. எங்கள் ஆள் ஆறு நாளில் பதினோரு வேளை அதைச் சாப்பிட்டார். ‘சூ ஷி’ என்று வரைபடத்தில் தேடினால் பௌத்த சைவ உணவகங்கள் வரும், அங்கே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். பூண்டு வெங்காயம்கூடப் பெரும்பாலும் இருக்காது.

பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு லான்சோ நூடுல்ஸ் கடை. முஸ்லிம்கள் நடத்துவது, மாவைக் கையால் இழுத்து இழுத்து நூலாக்குவதை நின்று பார்க்கலாம், ஒரு கிண்ணத்துக்கு நான் கொடுத்தது 18 யுவான். மாட்டிறைச்சிதான் அங்கே பிரதானம், அது ஆகாதவர்கள் தக்காளி முட்டை நூடுல்ஸ் கேளுங்கள், சாறு மட்டும் எதில் வெந்தது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் வசதிக் கடைகளில் அவித்த முட்டையும் சோளமும் இருக்கும்.

தண்ணீர் கேட்டால் வெந்நீர் வரும், ஜூன் மாத வெயிலிலும். பழகிவிடும்.

9. ராத்திரி விருந்து

சோதனை முடிந்தால் விருந்து நிச்சயம். வட்ட மேசை, வாசலைப் பார்த்த இடம் விருந்து வைப்பவருக்கு. காட்டுகிற இடத்தில் உட்காருங்கள். பைஜியூ என்று ஒரு வெள்ளைச் சாராயம், பெரும்பாலும் 50 சதவீதத்தைத் தொடும், சின்னக் கோப்பையில் வரும். ‘கான்பெய்’ என்றால் ஒரே மடக்கில் காலி செய். ‘சுய் யீ’ என்றால் உன் இஷ்டம். இந்த இரண்டாவது சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். குடிக்க மாட்டீர்கள் என்றால் முதல் கோப்பைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டு குடித்துவிட்டு மூன்றாவதுக்கு ‘எனக்குப் பழக்கமில்லை’ என்றால் ஒருவரும் விடமாட்டார்கள். தேநீரை உயர்த்தி வாழ்த்தலாம், அது அங்கே ஒப்புக்கொண்ட வழக்கம். மோதும்போது பெரியவர் கோப்பையைவிட உங்கள் கோப்பை கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். கிண்ணத்தைத் துடைத்து வைத்தால் மறுபடி நிரப்புவார்கள். போதும் என்றால் ஒரு வாய் மிச்சம் வையுங்கள்.

10. கடைத்தெரு

விலை எல்லாம் ‘ஜின்’ கணக்கில், ஒரு ஜின் அரைக் கிலோ. அதோடு கைவிரல் எண்கள் ஆறிலிருந்து வேறு மாதிரி. கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துப்பாக்கி மாதிரி நீட்டினால் எட்டு. லிச்சிப் பழக்காரம்மா துப்பாக்கியைக் காட்ட, நான் இரண்டு யுவானாக்கும் என்று இரண்டு கிலோ போடச் சொன்னேன். கட்டும்போது 32 யுவான். சண்டைக்குப் போகும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தம்மா சரியாகத்தான் கேட்டார்.

மாடி எண்ணிலும் கவனம்: நம் தரைத்தளம் அவர்களுக்கு ஒன்றாம் மாடி. சில கட்டடங்களில் நான்காம் மாடியே இருக்காது, அந்தச் சொல்லின் ஒலி சாவை நினைவூட்டுவதால். மெட்ரோவில் ஒவ்வொரு முறையும் பையை எக்ஸ்ரேயில் போட வேண்டும், பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள்.

11. திரும்பும் முன்: ரசீது

வேலைப் பயணத்தின் கடைசி அதிர்ச்சி நம் கணக்குப் பிரிவில் காத்திருக்கும். அங்கே சாதாரண பில்லுக்குப் பெரிய மதிப்பில்லை, அரசு வரி ரசீதான ‘ஃபாபியாவ்’ தான் ரசீது. கேட்டால்தான் கொடுப்பார்கள். ஹோட்டலில் அறையைக் காலி செய்யும் முந்தின இரவே சொல்லிவிடுங்கள், காலையில் டாக்சி காத்திருக்கும்போது சொன்னால் வேலைக்கு ஆகாது. நிறுவனத்தின் வரி எண்ணைக் கேட்பார்கள், வெளிநாட்டு நிறுவனத்துக்கு அது கிடையாது என்பதால் தனிநபர் பெயரில் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும். ஜிமெயிலை எழுதிக் காட்டாமல் ஆபீஸ் முகவரியைத் தட்டச்சு செய்தே கொடுங்கள், ஓர் எழுத்து மாறினால் போச்சு. உணவகத்தில் பில்லின் அடியிலேயே ஒரு கியூஆர் இருக்கும், அதில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கெடு இருக்கும், அன்றைக்கே எடுங்கள். வெப்பத்தாள் பில்களை அன்றன்றைக்குப் படம் எடுங்கள். என் முதல் பயண பில்கள் பர்ஸிலேயே வெளுத்துப் போய், 640 யுவானுக்கு வெள்ளைத் தாள்களைத்தான் கணக்காளரிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

மிச்சமிருக்கும் யுவானை விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். ஒரு நூறும் சில்லறையும் பாஸ்போர்ட் உறையில் செருகி வையுங்கள். இயந்திரம் வந்து இறங்கிய மறு மாதமே ஏதாவது ஒரு உதிரிப்பாகத்துக்காக மறுபடி போகச் சொல்வார்கள்.